கூடுதல் யூரியாவுக்கு ஏன் கூடுதல் நெல் விளைவதில்லை?

1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் நெல் விளையும் மேலூர், வாடிப்பட்டி வட்டாரங்களில், முதல் மூட்டை யூரியா தரும் விளைச்சலைக் கடைசி மூட்டை தருவதில்லை. இடுபொருள் கூடக் கூட, அதனால் கிடைக்கும் கூடுதல் பயன் படிப்படியாகச் சுருங்கும் இந்நிலையைப் பொருளியலார் ‘குறைந்து செல் விளைவு’ என்பர். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், பற்றாத பயிர் அதைப் பெற்றவுடன் இலை விரித்துத் தூர் கட்டுகிறது. அத்தேவை நிறைந்தபின் வளர்ச்சிக்குத் தடையாக நிற்பது வெயிலோ சாம்பல்சத்தோ துத்தநாகமோ ஆகிவிடுவதால், மேலும் இடப்படும் யூரியாவில் பெரும்பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலந்தும் நீரோடு கரைந்து போயும் வீணாகிறது. அளவு மீறினால் இழப்பே மிஞ்சும்: இலைகள் ஒன்றையொன்று மறைக்க, தண்டு மென்மையாகி, குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் பெருகி, கதிர் முற்றும் வேளையில் பயிர் சாய்கிறது.

‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ என்னும் கணினி விளையாட்டில் பயன் இவ்வாறு சுருங்கிச் செல்லும் வளைகோட்டை வடிவமைப்பாளர்களே வகுத்துள்ளனர்: கவசப் புள்ளி 100 ஆனால் உடல்தாக்குதலின் சேதம் பாதியாகவும், 200 ஆனால் மூன்றிலொன்றாகவும், 300 ஆனால் நான்கிலொன்றாகவும் குறைவதால், முதல் நூறு 50 விழுக்காட்டைத் தடுக்க, மூன்றாம் நூறு ஏறத்தாழ 8 விழுக்காட்டையே கூடுதலாகத் தடுக்கிறது. கவசம் மிகுந்ததால் அங்கே எவரும் சாய்ந்து விழுவதில்லை என்பது வேறு. வயலில் அந்த அபாயம் உண்டு என்பதாலேயே, இலையின் பச்சையை இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, நிறம் வெளுத்திருந்தால் மட்டும் மேலுரம் இடும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லுக்குப் பரிந்துரைக்கிறது.