விசில் மாமா ஏன் ஓடுகிறார்?



போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கால்பந்து ஆட்டம் பார்த்தேன். ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்யும் அண்ணன்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். என் பக்கத்தில் நின்ற ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "மாமா, அந்த விசில் மாமா பந்தைத் தொடவே இல்லையே. அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம் ஓடுறாரு?"

சபாஷ்! எல்லாரும் பந்தைப் பார்த்தபோது அவள் நடுவரைப் பார்த்தாள். அறிவியல் அப்படித்தான் தொடங்கும். அவள் கேள்விக்கு விடை உன் கட்டைவிரலில் இருக்கிறது.

கையை நேராக நீட்டு. கட்டைவிரலை நிமிர்த்து. விரலுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் கம்பி தெரியட்டும். இடது கண்ணை மூடிப் பார். இப்போது அதைத் திறந்து வலது கண்ணை மூடிப் பார். விரல் ஒரு தாவு தாவியதா?

விரல் அசையவே இல்லை. நீ பார்த்த இடம்தான் மாறியது. உன் இரண்டு கண்களுக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான் தூரம். அதற்கே இத்தனை வித்தியாசம்!

இதற்கு உன் பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு: இடமாறு தோற்றப் பிழை. அதனால்தான் ஸ்கேலில் அளவு பார்க்கும்போது, கோட்டுக்கு நேராகக் கண்ணை வை என்று டீச்சர் சொல்கிறார். உன் அப்பாவோ அம்மாவோ கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தால் கேட்டுப் பார். சாய்வாகப் பார்த்தால் நல்ல பாகமும் கோணலாகத் தெரியும் என்பார்கள்.

புரிகிறதா? சரி, இனி மைதானத்துக்குப் போவோம்.

மாந்தோப்பில் இரண்டு மாங்காய்கள் ஒட்டித் தொங்குவது போலத் தெரியும். நாலடி தள்ளி நின்று பார்த்தால் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருக்கும்! ஆட்டக்காரர்களின் கால்களும் அப்படித்தான். ஒரு பக்கமிருந்து பார்த்தால் இடறிவிட்டது போல இருக்கும். இன்னொரு பக்கமிருந்து பார்த்தால் கால் படவே இல்லை. எந்த இடத்தில் நின்றால் உண்மை தெரியுமோ, அந்த இடத்துக்குத்தான் நடுவர் ஓடுகிறார்.

கோட்டோரம் கொடியோடு ஓடும் துணை நடுவரைப் பார்த்திருப்பாய். தன் அணியினர் பந்தைத் தட்டும் நொடியில் ஓர் ஆட்டக்காரர் எதிரணிக் கோல் பக்கம் அதிகமாக முன்னேறி நின்றால் அது ஆஃப்சைடு. அதைச் சொல்வது அவர் வேலை. எதிரணியில் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரருக்கு நேர்கோட்டில் அவர் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பது போலத் தெரியும். 2000-ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பல தவறான முடிவுகளுக்குக் காரணம் கவனக்குறைவு அல்ல, நின்ற இடமும் பார்த்த கோணமும்தான் என்று காட்டினார்கள்.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். ரன் அவுட் நேரத்தில் நடுவர் சட்டென்று பக்கவாட்டில் ஓடுவார். கோட்டுக்கு நேராகக் கண் இருக்க வேண்டுமே! நம் சென்னைக்காரர் எஸ். வெங்கட்ராகவன் கிண்டியில் பொறியியல் படித்தவர். சுழற்பந்து வீச்சாளராக 57 டெஸ்ட் ஆட்டங்களில் 156 விக்கெட் எடுத்தார். பிறகு நடுவராகி 73 டெஸ்ட் ஆட்டங்களில் நின்றார். ஆடியதைவிட அதிகம்!

அமெரிக்கக் கால்பந்து என்று ஒன்று இருக்கிறது. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒருவர் மேல் ஒருவராக விழுவார்கள். அந்தக் குவியலில் பந்து எங்கே? ஒருவரால் பார்க்க முடியாது. அதனால் அங்கே தொழில்முறை ஆட்டத்தில் ஏழு நடுவர்கள், ஏழு இடங்களில்! சாரா தாமஸ் என்ற பெண் 2015-இல் அந்த நடுவர் குழுவில் சேர்ந்தார். 2021-இல் சூப்பர் பௌல் என்னும் இறுதி ஆட்டத்தில் நின்ற முதல் பெண் நடுவர் அவர்தான்.

நம் ஊரிலும் ஓர் அக்கா இருக்கிறார். திண்டுக்கல் ரூபா தேவி. கால்பந்து ஆடி வளர்ந்தவர். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் நடுவர் பட்டியலில் இடம்பிடித்தார்.

அந்த இடம் சும்மா கிடைக்காது. விதிகளைக் கரைத்துக் குடிக்க வேண்டும். தேர்வு எழுத வேண்டும். மாவட்டம், மாநிலம், தேசம் என்று படிப்படியாக ஏற வேண்டும். ஓட்டத் தேர்வும் உண்டு: 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை. இப்படி 40 தடவை! கூட்டிப் பார். எவ்வளவு வருகிறது? 4 கிலோமீட்டர். மூச்சு வாங்கினால் கண்ணும் மனமும் தடுமாறும். உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் நிதானமாகப் பார்க்க முடியாது. அதனால்தான் இந்தத் தேர்வு.

இப்போது அந்தச் சிறுமிக்கு நீயே பதில் சொல்லிவிடுவாய், இல்லையா?

அடுத்த தடவை ஆட்டம் பார்க்கும்போது ஐந்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு நடுவரை மட்டும் பார். "தப்பான விசில்!" என்று கத்தத் தோன்றினால், அவர் எங்கே நிற்கிறார், நீ எங்கே நிற்கிறாய் என்று முதலில் பார். நண்பர்களுக்குள் சண்டை வந்தாலும் அப்படியே செய், கண்ணு. நாலடி நகர்ந்து, அவன் நிற்கும் இடத்திலிருந்தும் ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்.