இரயில் பாஸ் இலாபமோ?

பிரயாணத்திற்குப் பாஸ் வாங்குதல் நன்றோ, தனித்தனிச் சீட்டு நன்றோ என்னும் ஐயத்தைக் கணக்கே தீர்க்கவல்லது. ஜப்பான் தேசத்து இரயில் பாஸை உதாரணமாகக் கொள்வோம். வெளிநாட்டினர்க்குரிய 7 நாட் பாஸ், சாதாரண வகுப்பிற்கு 29,650 யென்னாயிருந்து, 2023 அக்டோபரில் 50,000 யென் ஆயிற்று. அவ்வாண்டில் டோக்கியோவினின்று கியோட்டோ சென்று மீள ஏறக்குறைய 27,000 யென் செலவாகும். ஆகவே, முன்னர் அதனோடு நரீட்டா விமான நிலையத்திற்கு ஒருமுறை சென்றாலே பாஸ் ஈடாகும். விலையேறிய பின்னரோ, ஹிரோஷிமா வரை சென்று மீளினும் நஷ்டமே.

ஆதலின் முதலிற் செல்லுமிடங்களைத் துணிக. பின்னர்க் கட்டணங்களைக் கூட்டுக. அத்தொகையினும் பாஸின் விலை குறைந்தாலன்றி வாங்கற்க. கொடுத்த விலையை மீட்கும்பொருட்டே ஊரூராய் ஓடுபவன், பணத்தை மீட்பினும் காணவந்த ஊரை இழப்பான்.