வார்ஃபரின்: ஒரு மருந்துப் பெயரின் வரலாறு

வார்ஃபரின் என்பது ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்களும், கால் சிரைகளில் ரத்தக்கட்டி உண்டானவர்களும் இதை உட்கொள்கிறார்கள். இந்தப் பெயரின் முற்பகுதி ஓர் அமெரிக்க அறக்கட்டளையிலிருந்தும், பிற்பகுதி ஒரு தென்னமெரிக்க மரத்திலிருந்தும் வந்தது.

1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும் மாடுகள் ரத்தம் கசிந்து மடிந்தன. கொம்பை அறுத்தாலும் காயடித்தாலும் ரத்தம் நிற்கவில்லை. ஸ்வீட் குளோவர் என்னும் தீவனச் செடி ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போனதே காரணம் என்று கால்நடை நோயியலாளர் பிராங்க் ஸ்கோபீல்ட் கண்டறிந்தார். அந்தச் செடியில் கூமரின் என்னும் நறுமணப் பொருள் உண்டு. கூமரின் தானாக ரத்தத்தைப் பாதிப்பதில்லை. பூஞ்சை அதை டைகூமரால் என்ற வேறொரு பொருளாக மாற்றும்போதுதான் ஆபத்து பிறக்கிறது.

1933-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர், இறந்த கிடாரி, உறையாத ரத்தம் நிறைந்த பால் கேன், கெட்டுப்போன தீவனம் ஆகியவற்றை மாடிசன் நகரப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்க் காரணத்தைத் தேடத் தொடங்கினார். 1939-இல் அவருடைய ஆய்வுக்கூடம் டைகூமராலைப் பிரித்தெடுத்தது. பின்னர் அதன் சாயலில் பல சேர்மங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் 42-ஆம் எண்ணுள்ளது எலிகளைக் கொல்வதில் சிறந்து விளங்கியது. 1948-இல் அது எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது.

அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது 'விஸ்கான்சின் அலம்னை ரிசர்ச் ஃபவுண்டேஷன்', அதாவது பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்களுடைய ஆராய்ச்சி அறக்கட்டளை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்தால் 'வார்ஃப்'. அதனுடன் கூமரினின் கடைசி அசைகளான 'அரின்' சேர்ந்து 'வார்ஃபரின்' ஆயிற்று. கூமரின் 1820-இல் டோங்கா பீன் என்னும் விதையிலிருந்து முதன்முதலாகப் பிரிக்கப்பட்டது. அந்த விதையைத் தரும் மரத்தின் பிரெஞ்சுப் பெயர் 'கூமரூ'. அது தென்னமெரிக்கப் பழங்குடிகளின் மொழியிலிருந்து வந்த சொல்.

1951-இல் வார்ஃபரின் எலி மருந்தைத் தின்று தற்கொலைக்கு முயன்ற அமெரிக்க இராணுவ வீரர் ஒருவர் வைட்டமின் கே சிகிச்சையில் பிழைத்தார். மாற்று மருந்து இருப்பது உறுதியானதால் மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்க்கும் துணிவு வந்தது. 1954-இல் வார்ஃபரின் மனிதப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் கொடுக்கப்பட்டது.

வைட்டமின் கே-யின் எழுத்தும் ரத்தத்தோடு தொடர்புடையது. ரத்த உறைவைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'கோவாகுலாட்சியோன்' அதில்தான் தொடங்குகிறது. கல்லீரல் உறைவுக் காரணிகளை உருவாக்க இந்த வைட்டமின் வேண்டும்; பயன்பட்ட வைட்டமின் மீண்டும் புதுப்பிக்கப்படுவதை வார்ஃபரின் தடுக்கிறது. அதனால்தான் இந்த மருந்தை உட்கொள்பவர்கள் வைட்டமின் கே நிறைந்த கீரையை உண்ணும் அளவைத் திடீரென மாற்றக்கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

இந்திய நோயாளிகள் பலர் உட்கொள்ளும் அசெனோகூமரால் மருந்தும் இதே குடும்பம். டைகூமரால் வழிவந்த மருந்துகளின் பொதுப்பெயர்களுக்கு 'அரால்' என்னும் ஈறு வகுக்கப்பட்டுள்ளது. பெயரின் கடைசி அசைகளே மருந்தின் இனத்தைச் சொல்லிவிடுகின்றன.