வைகறை வாயிற் குழலோன்

மேனாட்டு இளைஞரின் ராக் இசை என்றாலே நம் இல்லங்களில் பெரியோர் முகஞ்சுளிப்பர். அதிலும் ‘சைக்கடெலிக் ராக்’ எனப்படும் வகைக்குப் போதைப்பொருளின் பழி வேறு உண்டு. மயக்கத்தில் மனம் காணும் விசித்திரக் காட்சிகளை ஒலியில் எழுப்ப முயன்ற இசை அது. ஆயினும் அவ்வகையின் தலைசிறந்த இசைத்தட்டு ஒன்றைக் கூர்ந்து கேட்போர்க்குத் தென்படுவது குழந்தையின் உலகமே.

1967 ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்தில் வெளிவந்த அது, பிங்க் பிளாய்டு குழுவினரின் முதல் இசைத்தட்டு. ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ என்னும் பெயரை ‘வைகறை வாயிற் குழலோன்’ எனத் தமிழில் சொல்லலாம். கென்னத் கிரஹாம் 1908-இல் எழுதிய ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ என்ற சிறுவர் நூலின் ஏழாம் அத்தியாயத் தலைப்பு அது. காணாமற்போன நீர்நாய்க் குட்டி குழலூதும் தெய்வத்தின் காலடியில் கண்டெடுக்கப்படும் கதை. (குழலூதும் தெய்வம் நமக்குப் புதிதன்று!)

பதினொரு உருப்படிகளுள் எட்டினைத் தனியே இயற்றியவர் சிட் பாரெட்; அப்போது வயது இருபத்தொன்று. சித்திரக்குள்ளன், சோளக்கொல்லைப் பொம்மை, சைக்கிள், கதை படித்துக் காட்டும் தாய் ஆகியவை அவர்தம் பாடுபொருள்கள். தாயைப் பற்றிய பாட்டில் முதலில் ஹிலேர் பெல்லாக்கின் சிறுவர் கவிதைகளையே எடுத்தாண்டார். அனுமதி கிட்டாமையால் சொந்தச் சொற்களை அமைக்க நேர்ந்தது. அது நன்மையாகவே முடிந்தது என்பேன். இவற்றினிடையே, சொல்லே இன்றி ஏறத்தாழப் பத்து நிமிடம் விரியும் வாத்திய இசை ஒன்றும் உண்டு. குழுவினர் பின்னாளில் அமைத்த நெடிய இசைக்கோலங்களுக்கு வித்து அதில் இருக்கிறது.

தட்டு விற்பனை வரிசையில் ஆறாம் இடத்தை எட்டியது. ஆனால் அவ்வாண்டு முடியுமுன்னரே பாரெட்டின் மனம் நிலைகுலைந்தது. எல்.எஸ்.டி.யை அவர் மிகுதியாக உட்கொண்டதைத் தோழர்களே கூறியுள்ளனர். மேடையிலே வாசியாமல் வெறித்து நிற்பார். 1968-இல் குழுவைவிட்டு நீங்கினார். இளமைத் தோழர் டேவிட் கில்மர் அவ்விடத்தை நிரப்பினார்.

பிரிந்தவரை மற்றவர் மறக்கவில்லை. 1975-இல் அவரை எண்ணி இயற்றிய நெடும்பாட்டின் பணி நடந்துகொண்டிருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பருத்த உடலும் மழித்த தலையும் புருவமுமாக ஒருவர் வந்தார். பாரெட் அவரே என்று தோழர்கள் அறியச் சிறிது நேரமாயிற்று.

1994-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் பல கச்சேரிகளைக் குழுவினர் இம்முதல் தட்டின் முதற்பாட்டைக் கொண்டே தொடங்கினர். பாரெட்டோ அக்காலத்தே கேம்பிரிட்ஜில் ஓவியம் தீட்டியும் தோட்டம் பேணியும் தனித்து வாழ்ந்திருந்தார். 2006 ஜூலையில் அந்நகரிலேயே காலமானார்.