லோகோவிலேயே நின்றுவிடும் பழைய கம்ப்யூட்டர்: ஃபார்மட் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிக்கு முதல் வேலை எடைமேடையில் ஏறுவதுதான். வண்டி மேடையில் நிற்கும். பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் எடை விழும். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கரகரவென்று சீட்டு அடிக்கும். பல இடங்களில் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

ஒருநாள் காலை ஷிஃப்டில் அது ஆன் ஆகி, லோகோ வந்து, அப்படியே நின்றுவிட்டால்? பின்னால் வண்டிகள் வரிசை கட்டும். சீட்டைக் கையால் எழுதிவிடலாம். ஆனால், நேற்று இரவு உள்ளே போன வண்டியின் முதல் எடை அந்தப் பெட்டிக்குள் அல்லவா மாட்டிக்கொண்டிருக்கிறது? லோடு எடையில் காலி எடையைக் கழித்தால்தான் சரக்கு எவ்வளவு என்று தெரியும், பில் போட முடியும்.

"சிஸ்டம் ஹேங் ஆகுது, ஃபார்மட் போட்டுடலாமா?" என்பதுதான் இந்த நேரத்தில் வழக்கமாக எழும் கேள்வி. அவசரத்தில் செய்யவே கூடாதது அது. கோளாறு விண்டோஸில் இல்லாமல் ஹார்ட் டிஸ்கிலோ மின்சாரத்திலோ இருந்தால், ஃபார்மட் போட்ட பிறகும் கம்ப்யூட்டர் அதே இடத்தில்தான் நிற்கும். தகவல் மட்டும் போயிருக்கும்.

புதுசு வாங்கினால் என்ன?

திருவள்ளூர் கடைத்தெரு ஜெராக்ஸ் கடைக்கு இது நல்ல யோசனை. தொழிற்பேட்டைக்கு அவ்வளவு சுலபமில்லை. எடைமேடையின் இண்டிகேட்டரும் பல பழைய சிஎன்சி மெஷின்களும் ஆர்எஸ்-232 எனும் சீரியல் போர்ட் வழியாகத்தான் கம்ப்யூட்டரோடு பேசுகின்றன. இன்றைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அந்தப் போர்ட்டே கிடையாது. சில மென்பொருள்களின் லைசென்ஸ், பேரலல் போர்ட்டில் செருகும் டாங்கிளில் இருக்கும். எழுதிக்கொடுத்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாத மென்பொருள்களும் உண்டு.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 சிப் கேட்கிறது. இன்டெல் என்றால் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும் என்கிறது. ஆக, பழைய பெட்டியைப் பழைய பெட்டியாகவே காப்பாற்ற வேண்டிய நிலைதான்.

உண்மையிலேயே ஹேங்தானா?

கீபோர்டில் நம் லாக் பட்டனைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, எதற்கோ காத்திருக்கிறது. கேபினெட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் கொஞ்சம் பொறுக்கலாம். பழைய டிஸ்கில் அப்டேட் ஏறும்போது அரை மணி நேரம் ஆவதெல்லாம் சகஜம். நம் லாக்கும் அசையவில்லை, டிஸ்க் விளக்கும் நின்றுவிட்டது அல்லது விடாமல் எரிகிறது என்றால் அது ஹேங்தான்.

அடுத்து, எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மெக்கானிக்குக்கு போன் செய்யும் முன் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பாதி நேரம் மிச்சம்.

ஆன் செய்தவுடன் மதர்போர்டு, ராம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பயாஸ் சோதித்துப் பார்க்கும். தயாரிப்பாளர் லோகோ தெரிவது அப்போதுதான். அதிலேயே நின்றால் விண்டோஸ் மேல் பழி போட வேண்டாம், அது இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லை. பென் டிரைவ், பிரின்டர், யுஎஸ்பி ஹப் என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, மானிட்டர், கீபோர்டு மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். மறந்துபோய் விட்ட ஒரு பென் டிரைவ் காலை முழுவதையும் தின்றுவிடுவது உண்டு. அப்படியும் நின்றால், மின் ஒயரைக் கழற்றிவிட்டு ஹார்ட் டிஸ்க் கேபிளை எடுத்துவிட்டுப் பாருங்கள். இப்போது லோகோவைத் தாண்டி "டிஸ்க் இல்லை" என்ற செய்தி வந்தால், டிஸ்க் அல்லது அதன் கேபிள் மேல்தான் சந்தேகம். அப்போதும் தாண்டவில்லையா? ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் கடலும் தொழிற்சாலைப் புகையும் பக்கத்தில் இருக்கும் ஊரில் அந்தப் பட்டைகளில் படலம் படிவது இயல்பு.

லோகோ போய், விண்டோஸ் சின்னம் வந்து அங்கே நின்றால் கதை வேறு. டிஸ்கில் கெட்டுப்போன பகுதிகள் இருக்கலாம், டிரைவர் தகராறாக இருக்கலாம். எக்ஸ்பி, விண்டோஸ் 7 என்றால் எஃப்8 தட்டி சேஃப் மோடில் போகலாம். அதில் ஃபைல் பெயர்கள் வரிசையாக ஓடி ஓரிடத்தில் நிற்கும். கடைசியாகத் தெரியும் பெயர்தான் குற்றவாளி என்று பலர் அதையே இணையத்தில் தேடுகிறார்கள். அது பெரும்பாலும் ஒழுங்காக ஏறி முடிந்த ஃபைல். மாட்டிக்கொண்டது அதற்கு அடுத்து வர வேண்டியது.

பட்டன் பேட்டரி செய்யும் வேலை

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்துவிட்டால் தேதி பல வருடம் பின்னால் போகும் என்பது பலருக்கும் தெரியும். கூடவே பயாஸ் செட்டிங்கும் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும் என்பதைத்தான் கவனிப்பதில்லை. ஏஹெச்சிஐ முறையில் விண்டோஸ் போட்டிருந்த டிஸ்க்கை பயாஸ் திடீரென்று ஐடிஇ முறையில் காட்டினால், விண்டோஸ் 7 பாதியில் நின்று நீலத்திரை காட்டும், திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். பேட்டரி மாற்றி, அந்த ஒரு செட்டிங்கைத் திருப்பினால் சரியாகிவிடும். இதற்குப் போய் ஃபார்மட் போட்டவர்கள் எத்தனை பேரோ!

எடைமேடைக் கம்ப்யூட்டருக்கே உரிய வியாதி

சில இண்டிகேட்டர்கள் எடையை நிறுத்தாமல் சீரியல் போர்ட்டில் அனுப்பிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் ஸ்டார்ட் ஆகும்போது அந்தப் போர்ட்டில் என்ன மாட்டியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கும். அப்போது ஓடி வரும் எண்களை 'இது பழைய காலத்துச் சீரியல் மவுஸ்' என்று தப்பாக எடுத்துக்கொள்ளும். விளைவு, அம்புக்குறி திரை முழுக்கப் பேய் பிடித்தது போலத் துள்ளும். தானாகவே கிளிக் ஆகும். எதையும் திறக்க முடியாது. பார்ப்பவர்கள் வைரஸ் என்பார்கள், ஹேங் என்பார்கள்.

சீரியல் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்து, விண்டோஸ் முழுதாக வந்த பிறகு மாட்டுங்கள். பிரச்சினை போய்விட்டால் நோய் இதுதான். கேபிளோடு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பட்டியலில் 'சீரியல் பால்பாயின்ட்' என்று முளைத்திருப்பதை டிசேபிள் செய்தால் போதும். அன்இன்ஸ்டால் செய்தால் அடுத்த முறை மறுபடி வந்து நிற்கும்.

காலையில் மக்கர், மதியம் ஓகே

காலையில் முதல் முறை ஆன் செய்தால் ஹேங். இரண்டாவது முறையும் ஹேங். நாலாவது முறை ஒழுங்காக வந்து சாயங்காலம் வரை ஓடுகிறது. இப்படி இருந்தால் மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளை, அதாவது கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதற்கு வயதாகிவிட்டது. சூடேறினால் தற்காலிகமாக வேலை செய்யும், அதனால்தான் பல தடவை ஆன் செய்த பிறகு எழுந்திருக்கிறது.

2000களின் முற்பகுதியில் இது உலகம் முழுவதும் பெரிய தலைவலி. 2003 முதல் 2005 வரை விற்ற டெல் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களில் இப்படிக் கெப்பாசிட்டர்கள் உப்பியது அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. நல்ல சர்வீஸ் சென்டரில் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றித் தருவார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உள்ளேயும் இதே கெப்பாசிட்டர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெட்டியை வீட்டிலோ ஆபீஸிலோ திறக்கக் கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். சந்தேகம் வந்தால் வேறொன்றை மாட்டிப் பார்ப்பதுதான் வழி. மல்டிமீட்டர் இருந்தால் 12 வோல்ட் லைன் 11.4க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்க்கலாம்.

பெரிய மோட்டார்களும் ஃபர்னஸும் ஒரே லைனில் இருந்தால் அவை ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் வோல்டேஜ் ஒரு நொடி சரியும். கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும் நேரமும் அதுவாகவே இருந்தால்? தினமும் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது மட்டும் ஹேங் ஆகிறது என்றால் யுபிஎஸ் பேட்டரியையும் எர்த்தையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். இரும்புத் தூளும் சும்மா விடாது. அது மின்சாரத்தைக் கடத்தும் தூசி. ஃபேன் வழியாக உள்ளே போய் போர்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்க் போகிறது என்றால்

டக்... டக் என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். 'செக் டிஸ்க்' ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆரம்பிக்க வேண்டாம். சாகப்போகும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவிட்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் வழியாக வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, எடைப் பதிவும் டேலி ஃபோல்டரும் முதலில் வெளியே வரட்டும். டிஸ்க் முழுதாகச் சாகவில்லை என்றால் அப்படியே ஒரு எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்யலாம். அதே விண்டோஸ், அதே மென்பொருள் திரும்பக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

டிஸ்க்கா போர்டா என்று குழப்பமாக இருந்தால், லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். அதில் ஒரு மணி நேரம் பிசகாமல் ஓடினால் போர்டும் ராமும் அநேகமாக நலம்.

பாகம் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள் கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்ட்ரல் வந்து இறங்கினால் பக்கம்தான். பழைய ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டும் ஒரே நீளம், ஒரே 240 பின், நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். வாயால் சொல்லி வாங்கி வந்தால், ஸ்லாட்டில் உட்கார மறுக்கும்போதுதான் தெரியும்.