வீட்டுக்கல்வி: உரிமையும் அரசுப் பணமும்

பள்ளி அதிகாரத்தின் பட்டறை என்று நாம் நிறையவே எழுதியாயிற்று. அப்படியானால் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் படிக்கவைப்பது விடுதலையா? அமெரிக்க அனுபவத்தை வைத்து இதை யோசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

எல்லாப் பிள்ளைகளும் அரசுப்பள்ளிக்கே போகவேண்டும் என்று 1922இல் ஓரிகன் மாநிலம் சட்டம் போட்டது. 1925இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளை அனுப்ப மறுத்த ஆமிஷ் பெற்றோர்களுக்கும் 1972இல் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இரண்டுமே நேரடியாக வீட்டுக்கல்வி பற்றியவை அல்ல. ஆனாலும் இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் மாநிலம் மாநிலமாகப் போராடினார்கள். பள்ளி குழந்தையின் ஆர்வத்தைக் கொல்கிறது என்ற ஜான் ஹோல்ட்டின் வாசகர்களும், பைபிள் இல்லாத பள்ளி வேண்டாமென்ற கிறித்துவப் பழமைவாதிகளும் ஒரே வரிசையில் நின்றார்கள். 1993 வாக்கில் ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டபூர்வமாயிற்று.

அடுத்து வந்தது காசு. கல்விப்பணத்தைப் பெற்றோர் வழியாகச் செலவிடவேண்டும் என்று மில்டன் ஃப்ரீட்மன் 1955இலேயே வாதிட்டவர். அரிசோனா 2011இல் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு கல்விக்கணக்கைத் தொடங்கி, 2022இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 7,000 டாலர். வாங்குகிற பெற்றோர் அரசோடு ஒப்பந்தம் போடவேண்டும். இன்னின்ன பாடங்கள் சொல்லித்தர ஒப்புக்கொள்ளவேண்டும். செலவுக்குக் கணக்குக் காட்டவேண்டும். இதில் சேர்ந்த பிள்ளை வீட்டிலேயே படித்தாலும் சட்டப்படி 'வீட்டுக்கல்வி'ப் பிள்ளை அல்ல.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சட்டத்தால் நுழையமுடியாத வீட்டுக்குள் அரசு ஒப்பந்தத்தின் வழியாக நுழைகிறது. யாரும் மிரட்டவில்லை, கையெழுத்துப் போட்டது பெற்றோர்தான். காசு குடுக்கிறவன் கணக்குக் கேட்பான் என்பது ஊரறிந்த சங்கதி. அதனால்தான் வீட்டுக்கல்விக்காரர்களிலேயே ஒரு சாரார் 'இந்தக் காசே வேண்டாம்' என்கிறார்கள்.

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. போவது பொதுப்பணம். 2022இல் முதலில் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அரசுப்பள்ளியில் இல்லாதவர்கள். வீட்டில் ஒருவர், பெரும்பாலும் அம்மா, சம்பளமில்லாமல் இருக்கமுடிகிற குடும்பத்துக்குத்தான் வீட்டுக்கல்வியே எட்டும். இரண்டு பேரும் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே இடம் அரசுப்பள்ளி. அந்தப் பள்ளிக்கான நிதியும் இதே கஜானாவிலிருந்துதான் வரவேண்டும்.

பள்ளியை நாம் விமர்சிக்கத்தான் வேண்டும். அந்த விமர்சனத்தை வைத்து யார் பணம் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டியிருக்கிறது.