சம்பளம் அடுத்த மாதம், அட்வான்ஸ் இன்றைக்கே!
பெங்களூரில் புதிதாகக் குடியேறுகிறவர்களின் செலவுக் கணக்கு

இரவெல்லாம் ஓடி வந்த தமிழ்நாட்டு பஸ்கள் விடியற்காலையில் சாந்தி நகரில் வந்து நிற்கின்றன. ஒரு பெட்டி, ஒரு பை, செல்போனில் ஒரு முகவரி. இவற்றுடன் இறங்குகிறவர்களை இன்றும் தினம் பார்க்கலாம்.

"எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். "கையில் எவ்வளவு கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டால்தான் தயங்குவார்கள்.

பெங்களூரில் வாடகையைக் கண்டு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது அட்வான்சைக் கண்டுதான்.

10 மாத அட்வான்ஸ்

பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது இந்த ஊரின் பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு, மூன்று மாதம் போதும் என்பவர்களும் உண்டு. ஆனால் அந்த வீடுகள் புதிதாக வந்தவர் கண்ணில் சீக்கிரம் படுவதில்லை.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. 2021 ஜூனில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்த மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு 2 மாதம் என்று வரம்பு கட்டியது. ஆனால் மாதிரிச் சட்டம் மாதிரிதான். மாநில அரசு ஏற்றால்தான் அது வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அறையும் சமையற்கட்டும் உள்ள வீட்டுக்கு மாத வாடகை ரூ.8 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 10 மாதம் என்றால் ரூ.80 ஆயிரம். முதல் மாத வாடகை ரூ.8 ஆயிரம். புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை என்றால் இன்னொரு ரூ.8 ஆயிரம். பாய், வாளி, ஸ்டவ் எதுவும் வாங்குவதற்கு முன்பே ரூ.96 ஆயிரம் போய்விட்டது. ரூ.20 ஆயிரம் சம்பளக்காரருக்கு இது ஐந்து மாதச் சம்பளம்!

வட்டியும் வாடகைதான்

"அட்வான்ஸ் எங்கே போகிறது, காலி செய்யும்போது திரும்பி வரத்தானே போகிறது?" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கையில் இருந்த பணத்தைக் கொடுத்தவருக்கு அது சரி. கடன் வாங்கிக் கொடுத்தவருக்கு?

ரூ.80 ஆயிரத்தை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் ரூ.1,600 வட்டி. அப்படியானால் அந்த வீட்டின் உண்மையான வாடகை ரூ.9,600. வீட்டுக்காரர் அந்தப் பணத்துக்கு ஒரு காசு வட்டி தரமாட்டார்.

எனவே ரூ.8 ஆயிரம் வாடகையும் 10 மாத அட்வான்சும் உள்ள வீட்டைவிட, ரூ.8,500 வாடகையும் 4 மாத அட்வான்சும் உள்ள வீடு மலிவு. இரண்டாவது வீட்டுக்கு வட்டியோடு சேர்த்து மாதம் ரூ.9,180தான் ஆகிறது. வாடகைப் பலகையை மட்டும் பார்த்துப் பேரம் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

திரும்பி வரும் அட்வான்சும் முழுசாக வருவதில்லை. காலி செய்யும்போது "பெயிண்டிங்" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே பரவலான பழக்கம். நான் ஒரு வீட்டில் ஒன்பது மாதம்தான் இருந்தேன். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

"ஏன் சார், சுவர் அப்படியே இருக்கிறதே?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் சார், அடுத்து வர்றவங்க புதுசா கேப்பாங்க இல்லே?" என்றார் வீட்டுக்காரர்.

அடுத்து வருகிறவருக்கு நான் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே இதைப் பேசி எழுதி வாங்கியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

போக்கியம்: இனிக்கும், கசக்கும்

மாத வாடகையே வேண்டாம் என்று ஒரு வழி இருக்கிறது. அதுதான் போக்கியம். கன்னடத்தில் "போக்ய". லீஸ் என்றும் சொல்கிறார்கள். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு, மூன்று ஆண்டு வாடகையின்றி இருக்கலாம். காலி செய்யும்போது பணம் அப்படியே திரும்ப வர வேண்டும்.

கேட்க இனிக்கிறது. ரூ.5 லட்சத்தை ஆண்டுக்கு 6 சதவீதத்தில் பாங்கியில் போட்டால் மாதம் ரூ.2,500தான் வட்டி. ரூ.10 ஆயிரம் வாடகை பெறும் வீடு அந்தத் தொகைக்கு போக்கியத்துக்குக் கிடைத்தால் லாபம் குடியிருப்பவருக்குத்தான்.

அப்படியானால் வீட்டுக்காரர் ஏன் கொடுக்கிறார்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பணத்தை நீட்டக் கூடாது. அவருக்கு அவசரமாக மொத்தப் பணம் தேவை. மகள் கல்யாணமாக இருக்கலாம், மேல்மாடி கட்டுவதாக இருக்கலாம். வீடு ஏற்கெனவே பாங்கியில் அடமானத்தில் இருந்து தவணை நிற்பதாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து. பாங்கி வீட்டை எடுக்க வரும்போது, குடியிருப்பவரின் லட்சங்களுக்குப் பாங்கி பொறுப்பாகாது.

இன்னொரு வகையும் உண்டு. இடைத்தரகர்கள் வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு எடுத்து, அதையே வேறொருவருக்குப் போக்கியத்துக்கு விடுகிறார்கள். சில மாதம் கழித்து வாடகை கட்டுவதை நிறுத்திவிட்டு மறைந்துவிடுகிறார்கள். ஒரு நாள் உண்மையான வீட்டுக்காரர் வந்து, "யார் நீங்கள்?" என்று கேட்கிறார். ஊரில் நிலத்தை விற்று, நகையை விற்றுக் கொடுத்த பணம் இப்படிப் போயிருக்கிறது.

போக்கியம் பேசுகிறவர்கள் வீட்டுக்காரரையே நேரில் பார்த்து, வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்க்க வேண்டும். பாங்கி அடமானங்களைப் பதிந்துவைக்கும் "செர்சாய்" என்ற மத்தியப் பதிவேடு 2011-ல் இருந்து இருக்கிறது. கட்டணம் கட்டி யாரும் தேடலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் மூன்றாண்டுப் போக்கியம் எழுதிக்கொண்டால் கோர்ட்டில் அது பலவீனமான தாள். பணத்தைப் பாங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

மீட்டரைப் பாருங்கள்

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஜன்னலைப் பார்க்கிறார்கள், குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். மின்சார மீட்டரைப் பார்ப்பதில்லை.

2023-ல் தொடங்கிய "கிருஹ ஜோதி" திட்டத்தில் மாதம் 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்கு, பழைய சராசரியை ஒட்டிய அளவு மின்சாரம் இலவசம். வாடகைக்காரருக்கும் இது உண்டு. மீட்டரின் ஆர்.ஆர். நம்பரை உங்கள் ஆதாரோடு சேர்க்க வேண்டும். முன்பு இருந்தவர் தன் பெயரை விலக்கிக்கொண்டாரா என்பதையும் கேளுங்கள்.

"வடாரா" எனப்படும் லைன் வீடுகளில்தான் சிக்கல். நான்கு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் மொத்தம் 200-ஐத் தாண்டும். யாருக்கும் சலுகை இல்லை. தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு நூறு, இருநூறு கூடக் கொடுத்தாலும் நஷ்டம் இல்லை.

தண்ணீரும் அப்படியே. காவிரிக் குழாயா, போர்வெல்லா, லாரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2024 கோடைப் பஞ்சத்தில், 5 கிலோமீட்டருக்குள் 12 ஆயிரம் லிட்டர் லாரித் தண்ணீருக்கு ரூ.1,000 என்று மாவட்ட நிர்வாகம் விலை கட்ட வேண்டி வந்தது.

முகவரிக்கு ஒரு விலை

2023 ஜூன் 11 முதல் கர்நாடகப் பெண்களுக்கு சாதாரண அரசு பஸ்களில் கட்டணம் கிடையாது. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். தமிழ்நாட்டு முகவரியோடு வேலைக்குப் போகும் பெண் டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும். 2025 ஜனவரி உயர்வில் சாதாரண மாதப் பாஸ் ரூ.1,050-ல் இருந்து ரூ.1,200 ஆனது. அடுத்த மாதம் மெட்ரோ ரெயிலின் அதிகபட்சக் கட்டணம் ரூ.60-ல் இருந்து ரூ.90 ஆனது.

முகவரியை மாற்றுவதற்கு முன் ரேஷன் கார்டைப் பற்றியும் யோசியுங்கள். உங்கள் தமிழ்நாட்டுக் கார்டில் "பி.எச்.எச்." என்று இருந்தால், இங்கே ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்து ஆளுக்கு 5 கிலோ தானியம் வாங்கலாம். 2020 அக்டோபரில் இருந்து தமிழ்நாடு இத்திட்டத்தில் இருக்கிறது. பருப்பும் பாமாயிலும் மட்டும் ஊரில்தான். கர்நாடகக் கார்டு கைக்கு வரும் முன் ஊர்க் கார்டை அவசரப்பட்டு ஒப்படைத்தால் இரண்டும் இல்லாமல் நிற்க நேரிடும்.

எந்தச் சான்றும் கேட்காமல் சோறு போடும் இடமும் உண்டு. 2017 ஆகஸ்டில் திறந்த இந்திரா கேண்டீனில் டிபன் ரூ.5, சாப்பாடு ரூ.10. சென்னை அம்மா உணவகத்தில் சாப்பிட்டவர்களுக்குப் புதிது அல்ல. கியாஸ் இணைப்பு இல்லாதவர்களுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டர் ஓர் அடையாள அட்டையைக் காட்டினால் கிடைக்கிறது.

தங்க வயல் ரெயில்

இந்த அட்வான்சே வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டபோது, பல தலைமுறையாக அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள் பெங்களூருக்குக் குடிபெயரும் செலவைக் கணக்குப் பார்த்தன. பலர் சொந்த ஊரிலேயே இருந்துகொண்டு, மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரெயில் ஏறுகிறார்கள். ஒரு வழி நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்புகிறார்கள்.

ஓசூரில் குடியிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் சுலபம். 2025 ஆகஸ்ட் 10-ல் திறந்த மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வருகிறது. அங்கிருந்து அத்திப்பள்ளி வழியாக ஓசூர் போக பஸ்தான். கடைசி பஸ் எப்போது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.